மூன்று வாசல்களில் ஒரு திருமேனி

நாரதருக்கு ஒருமுறை ஓர் ஐயம் எழுந்தது. மாயை, மாயை என்று ஞானியர் யாவரும் பேசுகின்றனரே, அது எத்தன்மையது? கண்ணபிரானிடமே கேட்டார். பெருமான் அப்போது விடை கூறவில்லை. சில நாள் சென்றபின் இருவரும் ஒரு பாலைநிலத்தின் வழியே நடந்தனர். பெருமான் தமக்குத் தாகமாக இருப்பதாகச் சொல்ல, நாரதர் தண்ணீர் தேடி அருகிருந்த ஊருக்குள் சென்று ஒரு வீட்டின் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவள் பேரழகி. அவளைக் கண்டதும் வந்த காரியம் மறந்தது. அவளையே மணந்தார். மாமனார் காலமானபின் நிலமும் மாடுகளும் அவருடையவை ஆயின. பிள்ளைகள் பிறந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

ஒருநாள் இரவு ஆறு பெருகி ஊருக்குள் புகுந்தது. மனைவியை ஒரு கையிலும் பிள்ளைகளை மறு கையிலும் தோளிலுமாகத் தாங்கி வெள்ளத்தில் இறங்கினார். ஒவ்வொருவராகக் கைநழுவினர். தாம் மட்டும் கரையில் ஒதுங்கி விழுந்து கதறியபோது, பின்னாலிருந்து கனிவான குரல் ஒன்று கேட்டது. தண்ணீர் எங்கே என்று அது வினவியது. அவர் புறப்பட்டு அரைமணி நேரம் ஆகிவிட்டதாம்.

1896ஆம் ஆண்டு லண்டனில் மாயையைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய சுவாமி விவேகானந்தர் இக்கதையை எடுத்துரைத்தார். தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் நிலைகொண்டிருக்கும் பெரியநாயக்கன்பாளையத்தில், விவேகானந்தரின் நூல்களைக் கற்று வளர்ந்த குடும்பங்களுக்கு இது பழகிய கதையாகவே இருக்கும். எனினும் கதை முடிந்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நாரதர் சிந்திய கண்ணீர் பொய்யா? பன்னிரண்டு ஆண்டுகளை அரைமணி நேரம் என்று அறிந்தபின்னும், அந்தக் கண்ணீரின் ஈரம் அவர் முகத்தில் இருந்திருக்குமே!

இந்தக் கேள்வியை ஒரு மனிதருக்கு மாறாக ஒரு கோயில் நகரம் முழுமைக்கும் விரித்துக் கேட்கும் தமிழ் நாவல் ஒன்று உண்டு. ஜெயமோகன் எழுதி 1997இல் வெளிவந்த 'விஷ்ணுபுரம்' அது.

கோவைக்கு வந்த பெயர்

எண்ணூறு பக்கங்களுக்கு மேல் விரியும் இந்நாவலைப் படித்தோர் பலர். படிக்கத் தொடங்கிப் பாதியில் வைத்துவிட்டோர் அவரினும் பலர். கோவை மக்களுக்கோ, நூலைத் தொடாதவர்க்கும் அதன் பெயர் அறிமுகமாகியிருக்கும். விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் என்னும் வாசகர் அமைப்பு 2010 முதல் கோவையில் விழா எடுத்து, மூத்த படைப்பாளிகளுக்கு விருது வழங்கி வருகிறது. முதல் விருது ஆ. மாதவனுக்குச் சென்றது, 2011இல் பூமணியும், 2016இல் வண்ணதாசனும் பெற்றனர். இல்லாத ஓர் ஊரின் பெயரால் இருக்கும் ஓர் ஊரில் ஆண்டுதோறும் அன்பர்கள் கூடுவது, அந்த நாவலின் இயல்புக்கு ஏற்ற வேடிக்கையே.

நாவலில் வரும் விஷ்ணுபுரம் எந்த வரைபடத்திலும் இல்லை. செந்நிறமாகப் பாயும் சோனா நதி, அதன் கரையில் வானளாவ எழும் கோபுரங்கள், அவற்றுக்குள்ளே பள்ளிகொண்ட மாபெரும் கருந்திருமேனி. யுகத்துக்கு ஒருமுறை அப்பெருமான் புரண்டு படுப்பார் என்பதும், அன்று உலகம் நீரில் அமிழும் என்பதும் அந்நகரத்தாரின் நம்பிக்கை. திருமேனி முழுவதையும் ஒரே இடத்தில் நின்று எவரும் காண இயலாது. ஆகவே நாவலும் ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. திருவடி, திருமார்பு, திருமுடி எனச் சேவித்து ஏறும் முறை இது.

திவ்யதேச யாத்திரை சென்றவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. குமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள், கடுசர்க்கரைப் படிமமாக 22 அடி நீளத்தில் சயனத் திருக்கோலத்தில் காட்சி தருகிறார். நம்மாழ்வார் பாடிய இத்தலத்தில், அடுத்தடுத்த மூன்று வாசல்கள் வழியாகவே பெருமானைச் சேவிக்க முடியும். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் இங்கே குடமுழுக்கு நடந்தபோது தமிழகமெங்கும் இக்கோயில் பேசப்பட்டது. ஜெயமோகன் குமரி மாவட்டத்தில் வளர்ந்தவர். நாவலைப் படிப்பவர்க்குத் திருவட்டாற்றுக் கருவறை நினைவுக்கு வருதல் இயல்பே.

நிகழ்ந்தது கதையாகிறது, கதை புராணமாகிறது

இந்நாவல் வாசகரைத் திகைக்க வைப்பது அதன் காலவரிசையால். முதற்பகுதியில் நகரம் திருவிழாக் கோலத்தில் இருக்கிறது. காவியத்தை அரங்கேற்ற வந்து மகனை இழக்கும் கவிஞன் சங்கர்ஷணன், ஞானத்தைத் தேடி ஆசிரியரைத் துறக்கும் இளைஞன் பிங்கலன், நடனமங்கை லலிதாங்கியின்மேல் கொண்ட பித்தால் நிலையழியும் பாடகன் திருவடி என்று எளிய மனிதர்களின் துயரங்கள் விரிகின்றன. இரண்டாம் பகுதிக்குச் சென்றால் காலம் முன்னோக்கிச் செல்லாமல் பல நூற்றாண்டுகள் பின்னே போகிறது. ஞானசபையில் வைதிக ஞானி பவதத்தரும் பௌத்தரான அஜிதனும் வாதிடுகின்றனர். அஜிதன் வெல்கிறான். ஆனால் வென்றவனுடைய பெயரால் பிறர் ஆளத் தொடங்குகின்றனர். மூன்றாம் பகுதியில் நகரம் சிதைந்து, பூசைக்கும் ஆளின்றிக் கிடக்கிறது. சோனாவில் வெள்ளம் பெருகுகிறது.

முதற்பகுதியில் பெண்ணாசையால் சித்தம் கலங்கித் தெருவில் திரிந்த திருவடி, இறுதிப் பகுதி வரும்போது ஆழ்வாராகப் போற்றப்படுகிறான். அவன் பட்ட அவமானமும் அழுகையும் மறைந்து, அற்புதங்கள் நிறைந்த வரலாறு ஒன்று அவன்மேல் படிந்துவிட்டது. வாசகரோ அவனை மனிதனாக அருகில் கண்டவர். அவர் எதை நம்புவது? கண்ணால் கண்ட பித்தனையா, ஊர் தொழும் ஆழ்வாரையா?

மேலோட்டமாகப் படிப்பவர், அடியார் வரலாறுகள் யாவும் கட்டுக்கதைகள் என்று நாவல் சொல்வதாகக் கருதக்கூடும். நாவல் அவ்வாறு தீர்ப்பளிக்கவில்லை. அந்தப் பித்துக்குள்ளேயே ஒரு பேரன்பு இருந்தது, அதை அருகில் இருந்தவர்கள் காணவில்லை, தொலைவில் வந்தவர்கள் கண்டுகொண்டனர் என்றும் படிக்க இடமிருக்கிறது. இரண்டு வாசிப்புக்கும் வழிவிட்டு ஆசிரியர் விலகி நிற்கிறார். நாரதரின் கண்ணீரும் இப்படித்தான். வெள்ளத்தைப் பொய் என்று சொல்லலாம். அன்பைப் பொய் என்று சொல்ல நா எழுவதில்லை.

பெருமான் யாருக்கு உரியவர்?

பக்தியுள்ள குடும்பத்தாரின் மனத்தைச் சுடக்கூடிய இடம் ஒன்று நாவலில் உண்டு. அதை மறைத்துவிட்டு நூலைப் பரிந்துரைப்பது முறையாகாது. கருவறையில் பள்ளிகொண்டவர் திருமால் என்று வைதிகர் கூறுகின்றனர். அந்த மலையின் ஆதிகுடிகளோ, அவர் தங்கள் மூதாதையான பெருமூப்பன் என்றும், தங்களிடமிருந்து அவரைப் பிறர் எடுத்துக்கொண்டனர் என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். எது மெய், எது தோற்றம் என்பதை நாவல் கடைசிவரை முடித்துச் சொல்வதில்லை.

தாத்தாவும் பாட்டியும் நாள்தோறும் நாமம் சொல்லும் வீட்டில், கல்லூரியில் பயிலும் பேரனோ பேத்தியோ இந்த இடத்தைப் படித்துவிட்டு, நாம் கும்பிடும் சாமி நம்முடையதுதானா என்று கேட்டால், பெரியவர்களுக்கு நெஞ்சம் வலிக்கும். கேட்ட பிள்ளையை அதட்டி அடக்குவதும் உண்டு. அதட்டத் தேவையில்லை. கொங்கு நாட்டின் மலையோரக் கோயில்களே அக்கேள்விக்கு அச்சமின்றி முகம் கொடுக்கின்றன.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே உயரும் பாலமலையில், செங்கோதை, பூங்கோதைத் தாயார்களுடன் அரங்கநாதர் எழுந்தருளியிருக்கிறார். மலைமேல் செல்லும் வழியிலும் சுற்றிலும் இருளர் வாழும் ஊர்கள் உள்ளன. அவற்றின் பெயர்கள் பலவும் 'பதி' என்று முடிகின்றன. தெய்வம் உறையும் இடத்துக்கும் தலைவனுக்கும் தமிழில் வழங்கும் அதே சொல், இங்கே மலைமக்களின் குடியிருப்பைக் குறிக்கிறது. சித்திரைத் தேருக்குச் சமவெளியிலிருந்து ஏறுகின்றவர்கள் அந்தப் பதிகளைக் கடந்துதான் பதியைச் சேவிக்க வேண்டியிருக்கிறது.

மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே சென்றால் காரமடை. மாசிமகத் தேருக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் தலவரலாற்றில், காரைப்புதரில் பசு ஒன்று நாள்தோறும் பால் சொரிகிறது. அதைக் கண்ட மாட்டுக்காரன் புதரை வெட்டக் குருதி பெருகி, சுயம்புவாக அரங்கநாதர் வெளிப்படுகிறார். பெருமானை முதலில் கண்டவன் வேதம் ஓதியவன் அல்லன், மாடு மேய்த்தவன் என்று அக்கோயிலே பெருமையுடன் சொல்லிக்கொள்கிறது.

கோத்தகிரிப் பக்கத்து ரங்கசாமி மலையுச்சிக்கு இன்னும் சுவையான கதை உண்டு. 1908இல் பிரான்சிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி தொகுத்த நீலகிரி மாவட்ட விவரச்சுவடியில் அது பதிவாகியிருக்கிறது. காரமடையில் இருந்த ரங்கசாமி தம் தேவியுடன் பிணங்கிக்கொண்டு, தனியே மலையேறி வந்து அந்த உச்சியில் தங்கிவிட்டாராம். அவர் நடந்துவந்த வழியில் பாறையில் பாதச்சுவடுகள் பதிந்திருக்கின்றனவாம். அங்கே பூசை செய்பவர் இருளர். சமவெளியில் பட்டர்கள் ஆராதிக்கும் பெருமானே மலையில் இருளரின் பூசையை ஏற்கிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு குடும்பச் சண்டையை வைத்துக் கதை இணைத்துவிட்டது. பெருமானைப் பங்கிட்டுக்கொள்ள மக்கள் வழக்காடவில்லை. அவரையே இரண்டு வீட்டுக்காரர் ஆக்கிவிட்டார்கள்.

பூரி ஜகந்நாதர் கோயிலில் இது கதையளவில் நில்லாமல் ஊழியமாகவே நிலைபெற்றுள்ளது. சபரர் தலைவனான விசுவாவசு காட்டுக்குள் மறைவாக வழிபட்ட நீலமாதவரே பின்னாளில் ஜகந்நாதராக எழுந்தருளினார் என்பது தலபுராணம். அவன் வழிவந்தோராகக் கருதப்படும் தைத்தாபதிகளே, தேர்த்திருவிழாக் காலத்தில் பெருமானின் திருமேனியைத் தொட்டுச் சேவை செய்யும் உரிமை உடையவர்கள். அரசன் கட்டிய கோயில், வேதியர் செய்யும் பூசை, ஆயினும் ஆண்டுக்கொருமுறை பெருமான் தம் பழைய உறவினர் கையில் தம்மை ஒப்புவிக்கிறார்.

தமிழ்ச் சைவத்தின் கண்ணப்பரும் இங்கே நினைக்கத்தக்கவர். காளத்தி நாதருக்கு ஆகம முறைப்படி பூசித்த சிவகோசரியாருக்கு, இறைச்சி படைத்த வேடனின் செயல் அநாசாரமாகவே தோன்றியது. பெருமான் அவரை மறைந்திருந்து பார்க்கச் செய்தார். வேடன் தன் கண்ணை அகழ்ந்து அப்பியதைக் கண்டபின்னரே, தாம் அதுவரை கண்டிருந்தது முழுமையன்று என்று அவர் உணர்ந்தார். அதனால் சிவகோசரியாரின் பூசை பொய்யாகிவிடவில்லை. அவர் நின்றது ஒரு வாசல், திண்ணனார் நின்றது வேறொரு வாசல்.

ஆகவே மலைமக்களின் உரிமைக்குரலை நாவலில் படிக்கும் அன்பர், தம் தெய்வத்தைப் பறிகொடுத்ததாக எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. ஒரு கடமை மட்டும் அவருக்குக் கூடுகிறது. பாலமலை ஏறும்போது வழியில் காணும் இருளர் குடியிருப்புகளை யாத்திரைக்கு இடையே வரும் வெறும் காட்சியாகக் கடந்துவிடாமல், பெருமானின் பழைய அண்டை வீட்டாராக மதிக்க வேண்டும். நெகிழிக் குப்பையை அவர்கள் வாழும் காட்டில் எறியாதிருப்பதும், அவர்கள் விற்கும் தேனையும் கிழங்கையும் பேரம் பேசாமல் வாங்குவதும் அந்த மதிப்பின் எளிய அடையாளங்கள்.

பொய்யாவது எது?

அப்படியானால் நாவலில் பொய்த்துப் போவது எது? கோபுரங்கள் வீழ்கின்றன, ஞானசபை பாழடைகிறது, வாதில் வென்றவரும் தோற்றவரும் பெயராக மட்டும் எஞ்சுகின்றனர். அவர்கள் ஒவ்வொருவரும் மெய்யின் ஒரு பகுதியைக் கண்டவர்கள்தாம். தான் கண்டதே முழுமை, பிறர் கண்டது மயக்கம் என்று எவன் அறுதியிட்டானோ, அவனுடைய அந்த உறுதியே முதலில் உதிர்கிறது. வைதிகருக்கும் பௌத்தருக்கும் இதில் வேறுபாடு இல்லை.

ஸ்ரீ ராமகிருஷ்ணர் அடிக்கடி சொல்லிய பச்சோந்திக் கதையும் இதையே உணர்த்துகிறது. மரத்தில் செந்நிற உயிர் ஒன்றைக் கண்டதாக ஒருவன் சொன்னான். மற்றொருவன் அது பச்சை என்றான். வேறொருவன் மஞ்சள் என்று சாதித்தான். சண்டை முற்றியபோது, அந்த மரத்தடியிலேயே வாழ்பவன் வந்து, அது எல்லா நிறமும் கொள்ளும், சில வேளை எந்த நிறமும் இல்லாமலும் இருக்கும் என்றான். மற்றவர்கள் மரத்தை ஒருமுறை கடந்துபோனவர்கள். இவனோ அங்கேயே குடியிருப்பவன். வாதத்தால் கிட்டாத தெளிவு இடைவிடாத உறவால் அவனுக்குக் கிட்டியது. நாள்தோறும் கோயிலுக்குச் செல்வதன் பொருளும் இதுவே எனலாம். நேற்றுக் கண்ட திருக்கோலத்தையே மீண்டும் காண்பதற்காக அன்பர் செல்வதில்லை. இன்று வேறு அலங்காரம், வேறு விளக்கொளி, வேறு மனநிலை. ஆயிரம் முறை சேவித்தபின்னும் காண வேண்டியது மிச்சமிருக்கிறது.

படிக்க விரும்புவோர்க்கு

'விஷ்ணுபுரம்' பாராயண நூல் அன்று. தலபுராணமும் அன்று. கோயிலைச் சூழ்ந்த அதிகாரத்தின் ஊழலையும், தேவரடியார் வாழ்வின் துன்பத்தையும், உடலின் இச்சைகளையும் மூடிமறைக்காமல் எழுதுவது. ஆதலால் சிறுவர் கையில் கொடுப்பதற்குரியதன்று. வெளிவந்த காலத்தில் இது மதப் பெருமை பேசும் நூல் என்று ஒருசாரார் குறைகூறினர். மதத்தைப் பழிக்கும் நூல் என்று வேறு சிலர் முகம் சுளித்தனர். இருசாராரும் ஒரே நூலைத்தான் படித்தனர் என்பதே அதன் தன்மையைக் காட்டப் போதுமானது.

முதல் நூறு பக்கங்களில் பெயர்களும் சடங்குகளும் திரளாக வந்து மலைக்க வைக்கும். திருவிழாக் கூட்டத்தில் முதன்முறை நுழைந்தவர்போல் சற்றே தடுமாறி, பிறகு கூட்டம் போகும் போக்கில் நடந்தால் வழி புலப்படும். இரண்டாம் பகுதியின் தருக்கங்களில் சாங்கியம், பௌத்தம், வேதாந்தம் எனப் பல தரிசனங்கள் பேசப்படுகின்றன. அவற்றை ஒரே மூச்சில் படிக்காமல், நாளுக்குச் சில பக்கங்களாக எடுத்துக்கொள்வது நலம். வீட்டில் இருவர் படித்து உரையாடினால் இன்னும் நலம். குறிப்பாக, ஐயம் கொண்ட இளையவரும் நம்பிக்கை கொண்ட மூத்தவரும் சேர்ந்து படிக்க வேண்டிய நூல் இது. இளையவர் கேட்கும் கேள்விக்கு மூத்தவரிடம் விடை இல்லாமற் போகலாம். விடை இல்லாத இடத்தில் இருவரும் சேர்ந்து சிறிதுநேரம் அமைதியாக இருப்பதும் ஒருவகை வழிபாடே. மூத்தவர் தாம் வணங்கும் பெருமானைப் பற்றி முதன்முறையாக வாய்விட்டுப் பேச அதுவே வாய்ப்பாகவும் அமையும்.

மூன்று வாசல்களில் சேவை சாதிக்கும் தலங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திருமுகத்தைச் சேவித்தவர் அங்கேயே நின்றுவிடுதல் இயலாது. பின்னால் காத்திருப்பவருக்கு இடம் விட்டுத் தாம் அடுத்த வாசலுக்கு நகர வேண்டும். நகர்ந்தால்தான் திருவடியும் கிட்டும். தாம் கண்டதை உள்ளத்தில் நிறைத்துக்கொண்டு பிறர் காண வழிவிடும் அந்தச் சிறு ஒதுங்கலில், மாயை சற்றே விலகுகிறது. அத்தனை வாசல்களுக்கும் அப்பால் பெருமான் ஒருவராகவே பள்ளிகொண்டிருக்கிறார்.